வராதவர் பட்டியலில் வசந்தா டீச்சர்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பள்ளி வேதியியல் ஆசிரியர்களுக்கு ஆறு மணி நேர இணையப் பயிற்சி நடத்தினோம்.
2. வசந்தா டீச்சர் முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை அதில் இருந்தார்.
3. நான் எழுதிய விதி அவரை வராதவர் என்று பதிந்தது.
4. அவர் முறையிட்டார். நான் தள்ளுபடி செய்தேன்.
5. ஏப்ரலில் அவருடைய பள்ளி, பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்புகளை அவரிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தது.
6. ஜூலையில் நான் அவரை முதன்முதலாக நேரில் பார்த்தேன்.

சென்னையில் தொடங்கும் புதிய பிரிவில் நீங்கள் பதினோரு பேர் சேர்ந்திருக்கிறீர்கள். கொல்கத்தாவில் நாங்கள் ஒன்பது ஆண்டுகளாக ஓட்டிய அதே பயிற்சி முறையும் மென்பொருளும் உங்கள் கைக்கு வருகின்றன. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது, சான்றிதழ் எப்படி அச்சாகிறது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டையும் நான்தான் எழுதினேன். அதில் இதற்கு இடம் இல்லை. அதனால் தனியாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். கணினிப் பொறியியல் படித்தேன். அப்பாவுக்குக் கொல்கத்தாவில் கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் வேலை. அங்கே குடியிருப்பில்தான் வளர்ந்தேன். ஓய்வு பெற்றதும் அப்பாவும் அம்மாவும் திருச்சிக்குப் போய்விட்டார்கள். நான் வேலைக்காக இங்கேயே தங்கினேன். டாலிகஞ்சில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவோடு பேசும் முக்கால் மணி நேரத்தைத் தவிர, வாரம் முழுவதும் தமிழில் ஒரு வார்த்தை பேச எனக்கு ஆள் கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் எடுத்த ஒரு தவறான முடிவில் இதற்கும் பங்கு இருக்கிறது.

எங்கள் அலுவலகம் கரியாஹாட்டில், ஒரு புடவைக் கடைக்கு மேல் இரண்டாவது மாடி. உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை மௌஷுமி என்பவளும் நானும் பகிர்ந்துகொள்வோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், கடவுச்சொல்லை மாற்ற முடியவில்லை என்று ஓர் ஆசிரியை அழைத்தார். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தோம். குறுஞ்செய்தியில் வந்த எண்ணை மூன்றாவது தடவையாகத் தட்டியபோது, தன்பாட்டில் முணுமுணுத்தார்.

"இந்தக் கழுதை மறுபடி மறுபடி அதையேதான் கேக்குது."

"இன்னொரு தடவை போடுங்க டீச்சர், இப்ப வாங்கிக்கும்" என்றேன்.

அந்தப் பக்கம் தட்டும் சத்தம் நின்றது.

"யாரும்மா நீ? எந்த ஊரு?"

அப்படித்தான் பழக்கம். வசந்தா டீச்சர் மதுரைக்காரர். கணவருக்குக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை கிடைத்ததால் கல்யாணமாகி இங்கே வந்தவர். கார்டன் ரீச் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மேல்வகுப்புகளுக்கு வேதியியல் எடுத்துக்கொண்டிருந்தார். கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மகள் கனடாவில்.

மாதம் ஒரு முறை அழைப்பார். ஏதாவது ஒரு சிக்கல் இருக்கும். சில சமயம் சிக்கலே இருக்காது. "சர்டிபிகேட் டவுன்லோட் ஆகலை" என்று தொடங்கி, நான் பார்த்துவிட்டு, "ஆகியிருக்கே டீச்சர்" என்றால், "அப்படியா? சரி, இன்னிக்கு என்ன சமைச்ச?" என்பார்.

"எக் ரோல் வாங்கிட்டேன்."

"அது சமையலாடி? ஞாயித்துக்கிழமை வா, தோசை ஊத்தறேன். ஒரு பஸ்தானே?"

ஒரு பஸ்தான். ஆனால் நான் போகவில்லை. அவருடைய பயிற்சிப் பதிவுகள் என் கையில் இருந்தன. பயிற்சிக்கு வருபவர்களின் வீட்டுக்குப் போவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். அந்த நான்கு ஆண்டுகளில் அவர் என்னை ஒன்பது அல்லது பத்து முறை வீட்டுக்குக் கூப்பிட்டிருப்பார். ஒவ்வொரு முறையும் "அடுத்த வாரம் பாக்கலாம் டீச்சர்" என்றுதான் சொன்னேன்.

மௌஷுமிக்கு இதெல்லாம் வேடிக்கை. தொலைபேசி அடித்து, அந்த எண்ணைப் பார்த்ததும் உரக்கக் கூப்பிடுவாள். "தீதி, உன் மாசிமா லைன்ல!" தீதி என்றால் அக்கா, பெயரோடு சேரும்போது வெறும் -தி. மாசிமா என்றால் சித்தி, பெரியம்மா மாதிரி. "இன்னிக்கு என்ன ரிப்பேராம்? கம்ப்யூட்டரா, குழம்பா?"

வருகைக் கட்டத்துக்கு வருகிறேன்.

இணையப் பயிற்சிகளில் ஆசிரியர்கள் பெயரைப் பதிந்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள் என்று புகார் வந்தது. உண்மைதான். நூற்றெண்பது பேர் இருப்பதாகத் திரை சொல்லும். நூற்றெண்பது கறுப்புச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். பயிற்றுநர் "நான் பேசுவது கேட்கிறதா?" என்று கேட்பார். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது தடவை கேட்கும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கும். அப்போது நான் "கேட்கிறது சார்" என்று தட்டுவேன். என் வேலைப் பட்டியலில் அது கிடையாது. ஆனாலும் எல்லாப் பயிற்சிகளிலும் அதைச் செய்தேன். ஒரு நாள் முழுக்க வெறும் பெயர்களோடு பேசிக்கொண்டிருப்பவரை அப்படியே விட முடியாது.

எங்கள் இயக்குநர் அம்மா என்னைக் கூப்பிட்டு, இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கச் சொன்னார். நான் கண்டுபிடித்த வழி இது: பயிற்சிக்கு நடுவே, எதிர்பாராத நேரங்களில் மூன்று முறை திரையில் ஒரு கட்டம் வரும். "நான் இருக்கிறேன்" என்று அதில் ஒரு பொத்தான். ஒரு நிமிடத்துக்குள் அழுத்த வேண்டும். மூன்றில் இரண்டு தவறினால் அவர் வரவில்லை. பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று பயிற்றுநர்கள் சொன்னதால் ஒலி வைக்கவில்லை.

ஒரு வாரம் சோதித்தோம். அலுவலகத்தில் ஆறு பேர். ஆறு பேரும் மூன்று கட்டங்களையும் பிடித்தோம். எனக்குப் பெருமையாக இருந்தது. நாங்கள் ஆறு பேரும் பாடத்தைக் கேட்கவே இல்லை, கட்டம் எப்போது வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. நன்றாகப் படிக்கிற ஒருவர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பார் என்று எங்களில் யாருமே யோசிக்கவில்லை. நீங்கள் எந்த விதியைச் சோதித்தாலும், அதை ஏமாற்ற நினைப்பவராக ஒரு முறையும், அக்கறையாகப் பாடம் கேட்பவராக ஒரு முறையும் உட்கார்ந்து பாருங்கள். முதலாவதை எல்லோரும் செய்துவிடுவார்கள்.

கட்டம் முதன்முதலாக வந்த அந்தப் பிப்ரவரிப் பயிற்சி முடிந்த திங்கட்கிழமை, வசந்தா டீச்சர் அழைத்தார். மௌஷுமி வழக்கம்போல மாசிமா என்றாள். கூடவே ஒன்று சொன்னாள். "அவங்களுக்கு ஆப்சென்ட் விழுந்திருக்கு, பாத்தேன். நீ இருக்கியே, ரெண்டு டிக் போட்டுக் குடுத்துடு, யாருக்குத் தெரியப் போகுது!"

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அழைப்பை எடுத்தேன்.

"ஏம்மா, நான் வரலைன்னு மெயில் வந்திருக்கே?"

"கட்டம் மூணும் தவறியிருக்கு டீச்சர்."

"எந்தக் கட்டம்?"

விளக்கினேன்.

"நான் பாக்கலையேம்மா. ஃபோனை டம்ளர்ல சாய்ச்சு வச்சிட்டு எழுதிட்டு இருந்தேன். பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கேன். அவர் சொன்ன தப்பைக்கூட எழுதி வச்சிருக்கேன்."

"என்ன தப்பு?"

"பர்மாங்கனேட் டைட்ரேஷன்ல ப்யூரெட் குழாய்ல திரவத்தோட கீழ் விளிம்பைப் பாத்து அளவெடுக்கணும்னாரு. அது அடர் நிறம், கீழ் விளிம்பு எங்கே தெரியும்? மேல் விளிம்பைத்தான் பாக்கணும். நாலு பேர் முன்னாடி எதுக்கு அவரை மட்டம் தட்டணும்னு சொல்லாம விட்டுட்டேன்."

"இது எனக்கு எவிடென்ஸ் ஆகாது டீச்சர். மெயில்ல அப்பீல் போடுங்க."

"இந்த ஆறு மணி நேரம் சேந்தாத்தான் எனக்கு இந்த வருஷத்து ட்ரெய்னிங் அம்பது மணி நேரம் ஆகும்மா. மார்ச்சுக்குள்ள அம்பது இல்லைன்னா லெவன், ட்வெல்வ் குடுக்க மாட்டோம்னு ஸ்கூல்ல சர்க்குலரே வந்திருக்கு."

"மெயில்ல போடுங்க டீச்சர். பாக்கறேன்."

என் குரலை நானே கேட்டேன். மற்றவர்களோடு பேசுவதைவிட இறுக்கமாக இருந்தது. மௌஷுமி பக்கத்தில் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள் என்னைக் கவனிக்கிறாள் என்றே எனக்குத் தோன்றியது.

அன்று மாலையே முறையீடு வந்தது. பதினெட்டுப் பக்கங்களையும் படம் எடுத்து இணைத்திருந்தார். ஏற்கத்தக்க ஆதாரங்கள் என்று நான் வைத்திருந்த பட்டியலில் மூன்று இருந்தன: மின்தடைக்கான சான்று, இணைப்பு அறுந்ததைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட், மருத்துவச் சான்று. கையெழுத்துக் குறிப்புகள் அதில் இல்லை. இணைப்பை நான் திறக்கவில்லை. எல்லோருக்கும் அனுப்பும் ஆங்கிலப் பதிலை அனுப்பினேன். குறித்துக்கொண்டேன், நன்றி என்று ஆங்கிலத்தில் ஒரு வரி பதில் வந்தது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து அழைப்பு வரவில்லை.

அந்தத் தள்ளுபடியை நான் நேர்மை என்று நினைத்தேன். வேறு யாராவது அழைத்து, பயிற்றுநர் இன்ன இடத்தில் இன்ன தவறு சொன்னார் என்று சொல்லியிருந்தால், நான் பதிவை ஓட்டிப் பார்த்திருப்பேன். ஐந்து நிமிட வேலை. அவர் எனக்குப் பிடித்தவர் என்பதால் மட்டுமே பார்க்கவில்லை. உங்களுக்கு வேண்டிய ஒருவரின் முறையீடு உங்கள் மேசைக்கு வந்தால், அதைப் பக்கத்து மேசைக்குக் கொடுத்துவிடுங்கள். மௌஷுமியிடம் கொடுத்திருந்தால் சிரித்துக்கொண்டே பதிவைப் பார்த்திருப்பாள், அன்றே சரிசெய்திருப்பாள். நான் கொடுக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

ஏப்ரலும் மேயும் போயின. மாதத்துக்கு ஒரு முறை அழைக்கும் எண் அழைக்கவில்லை. மௌஷுமி ஒரு நாள், "மாசிமாவுக்கு உன்மேல கோபமா?" என்று கேட்டாள். வேலை அதிகமாக இருக்கும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசும் முக்கால் மணி நேரம் அந்த மாதங்களில் எனக்கு மிகச் சீக்கிரம் முடிந்தது.

ஜூலையில் வசந்தா டீச்சரின் பள்ளிக்கே நான் போக வேண்டி வந்தது. நேரடிப் பயிற்சி ஒன்றுக்கு அவர்கள் கூடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கூடத்தைப் பார்த்து, முதல்வரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சனிக்கிழமை இரண்டு மணிக்கு வரச் சொன்னார்கள். அன்று மதியம் எங்கள் இணையப் பயிற்சி ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. அதை மௌஷுமி பார்த்துக்கொண்டாள்.

மழை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். முதல்வர் சாப்பிடுகிறார், ஆசிரியர் அறையில் உட்காருங்கள் என்றார் வாசலில் இருந்தவர்.

ஆசிரியர் அறையில் நீண்ட மேசை. அதன்மேல் ஒரு டிபன் கேரியர். அதில் சாய்த்து வரிசையாக ஆறு கைப்பேசிகள். ஆறிலும் எங்கள் பயிற்றுநர் பேசிக்கொண்டிருந்தார். ஆறிலும் ஒலி அணைக்கப்பட்டிருந்தது. முன்னால் ஒருவர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். விளையாட்டு ஆசிரியர். மற்றவர்கள் ஜன்னலோரம் பொரி கொறித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"உக்காருங்க தீதி. மேசையை மட்டும் ஆட்டிடாதீங்க, ட்ரெய்னிங் நடக்குது."

"யாருக்கு?"

"இவங்க அஞ்சு பேருக்கும், எனக்கும். இன்னிக்கு என் டூட்டி. ஒரு பெட்டி வரும், அமுக்கணும். அதுக்குன்னு ஆறு பேரும் உக்காரணுமா?"

"உங்களுக்கும் வேதியியலா?"

"எனக்கு எதுவா இருந்தா என்ன, மணி நேரம் சேந்தா சரி." நாற்காலியில் நிமிர்ந்தார். "பத்து செகண்ட்ல ஆறும் அமுக்கிடுவேன். ஸ்டாப்வாட்ச்ல பாத்திருக்கேன்."

ஜன்னல் பக்கமிருந்து ஓர் ஆசிரியை கத்தினார். "போன வாரம் ஒன்பது செகண்டுன்னு பீத்திக்கிட்டே!"

"போன வாரம் உன் ஃபோன் இல்ல. உன்னது ரொம்ப ஸ்லோ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் யார் என்று கேட்பார்கள்.

"எல்லா டீச்சரும் இப்படித்தானா?"

"வசந்தா-தி மட்டும் குடுக்க மாட்டாங்க. நானே கேக்கணும்பாங்க. மூணு தடவை சொல்லிட்டேன், வரிசையில வைங்க, ஏழாவதையும் அமுக்கிடறேன்னு. கேக்கல. கடைசியில அவங்களுக்குத்தான் லெவன், ட்வெல்வ் போச்சு." அவர் குரலில் ஏளனம் இல்லை. வருத்தமாகத்தான் சொன்னார். "இப்ப சின்னப் பசங்களுக்கு எடுக்கறாங்க. அந்தக் கோடியில, செவன் பி-ல இருப்பாங்க."

எழுந்து போனேன். தாழ்வாரம் ஈரமாக இருந்தது. ஏழு பி வகுப்பின் கதவு திறந்திருந்தது. பிள்ளைகள் போய்விட்டார்கள். முதல் வரிசை பெஞ்சில், அந்த உயரத்துக்கு முதுகை வளைத்து உட்கார்ந்து ஒரு பெண்மணி எழுதிக்கொண்டிருந்தார். நரைத்த முடி, கண்ணாடி, காட்டன் புடவை. கைப்பேசி டஸ்டரில் சாய்ந்திருந்தது. பயிற்றுநரின் குரல் கேட்டது. அவர் ஒரு வாக்கியம் கேட்டு, ஒரு வாக்கியம் எழுதி, சில இடங்களில் நிறுத்தி ஓரத்தில் ஏதோ குறித்தார்.

அப்போது கட்டம் வந்தது.

அவர் தலை நிமிரவில்லை. நான் கதவருகில் நின்று எண்ணினேன். பத்து. இருபது. பக்கத்தைத் திருப்பினார். ஆசிரியர் அறையில் ஆறும் அழுத்தப்பட்டிருக்கும். முப்பது. நாற்பது. இங்கே ஒருவர் தூங்கவில்லை, வெளியே போகவில்லை, பேசவில்லை. ஐம்பது. இந்தக் கட்டமும் தவறினால், மறுபடியும் வராதவர் ஆவதற்கு அவர் பாதித் தூரம் வந்துவிடுவார்.

நான் உள்ளே போய், கையை நீட்டி, பொத்தானை அழுத்தினேன்.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். வங்காள மொழியில் கேட்டார். "யார் நீங்க?"

"டீச்சர், கட்டம் வந்துச்சு" என்றேன்.

குரலை வைத்துக் கண்டுபிடித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். கையில் செருப்பு, நனைந்த சுரிதார்.

"நீயா? இன்னும் உசரமா இருப்பேன்னு நினைச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க டீச்சர்."

"சரி. அதை எதுக்கு அமுக்கின?"

"தவறிடுமேன்னுதான்."

"தவறட்டுமே." குரல் உயரவில்லை. "அந்த விசில்காரர் அமுக்கறதுக்கும் நீ அமுக்கறதுக்கும் என்ன வித்தியாசம்? இதுதான் வேணும்னா நான் ஃபோனை அங்கேயே குடுத்திருப்பேனே. எனக்கு லெவன், ட்வெல்வும் இருந்திருக்கும்."

செருப்பைக் கீழே வைத்தேன்.

"இப்ப அதை எடுக்க முடியுமா?"

"இங்கேருந்து முடியாது டீச்சர்."

"ம்." கண்ணாடியைக் கழற்றிப் புடவை முனையில் துடைத்தார். "ஒண்ணு கேக்கறேன். நான் அனுப்பினேனே, பதினெட்டுப் பக்கம். படிச்சியா?"

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது.

"இல்ல டீச்சர். திறக்கவே இல்ல."

"நினைச்சேன்" என்றார். "நாப்பது பசங்க நோட்டுன்னாலும் திறந்து பாத்துட்டுத்தான் தப்பு போடுவேன் நான்." பிறகு கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "பிரின்சிபல் ரூம் மாடியில. எனக்கு இது ஓடிட்டிருக்கு, விட்டா தொடர்ச்சி போயிடும்" என்று மறுபடியும் பேனாவை எடுத்தார்.

கூடத்தைப் பார்த்தேன். கையெழுத்து வாங்கினேன். பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பதினெட்டுப் பக்கங்களையும் திறந்தேன். பிப்ரவரிப் பயிற்சியின் பதிவை ஓடவிட்டு, ஒரு கண்ணை அதிலும் ஒரு கண்ணை அவர் எழுத்திலும் வைத்துக்கொண்டு ஆறு மணி நேரமும் உட்கார்ந்தேன். பயிற்றுநர் எந்த இடத்தில் தண்ணீர் குடித்தார் என்பதைத் தவிர எல்லாம் அதில் இருந்தது. கீழ் விளிம்பு என்று அவர் சொன்ன இடத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு, மேல் விளிம்பு, காரணம், ஒரு சிறிய படம். பதினாறாம் பக்க ஓரத்தில், இதை இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு செய்முறையில் செய்து பார்க்க வேண்டும் என்று எழுதி, அடிக்கோடு இட்டிருந்தார். அதில் நான் வெகு நேரம் நின்றேன். அன்று அம்மாவின் அழைப்பை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை இயக்குநர் அம்மாவின் அறைக்குப் போய், ஆறு கைப்பேசிகளைப் பார்த்ததைச் சொன்னேன். ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதி எடுத்துப் போயிருந்தேன். வருகைக் கட்டத்தை நிறுத்த வேண்டும். அது தொடங்கியதிலிருந்து தள்ளுபடியான முறையீடுகளை மறுபடி திறக்க வேண்டும். அவற்றை நான் பார்க்கக் கூடாது, வேறொருவர் பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களின் பள்ளிகளுக்கு நாம் எழுத வேண்டும்.

படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஆறு ஃபோன்னு சொன்னியே, எந்த ஸ்கூல்?"

இதைப் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். சனிக்கிழமை நான் எங்கே போனேன் என்பதை வைத்து அவரால் ஊகிக்க முடியும்; ஆனால் நான் வாய்விட்டுச் சொன்னால்தான் அது புகார். பள்ளியின் பெயரைச் சொன்னால் ஆறு பேரின் மணி நேரங்களும் போகும். அந்த ஆசிரியர் அறையில், வரிசையில் கைப்பேசி வைக்காத ஒரே ஆள் வசந்தா டீச்சர். யார் காட்டிக்கொடுத்தது என்று யாரும் யோசிக்கக்கூட மாட்டார்கள், அவர்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

"பேர் சொல்ல மாட்டேன் மேடம்."

"பேர் இல்லாத கம்ப்ளெயின்ட்டை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

"அவங்க மேல கம்ப்ளெயின்ட் இல்ல. என் விதிமேலதான். இப்படிச் செய்யலாம்னு நான்தான் அவங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்கேன்."

"அப்பீலைத் திறந்தா, நாமதான் தப்புன்னு எழுத்துல ஒத்துக்கணும். லெட்டர்ல யார் கையெழுத்து?"

"என்னோடது."

தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். கீழே கடைக்காரர்கள் கூவும் சத்தம் வந்தது.

"இன்னொண்ணு இருக்கு மேடம். சனிக்கிழமை நானும் ஒரு கட்டத்தை அமுக்கினேன். இன்னொருத்தருக்காக."

இயக்குநர் அம்மா பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "அதையும் அஞ்சாவதா எழுது."

எழுதினேன். அந்த ஒரு அழுத்தலைப் பதிவிலிருந்து நீக்கினார்கள். வசந்தா டீச்சருக்கு அது திருப்தியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

முப்பத்தேழு முறையீடுகளை மௌஷுமியும் இன்னொருவரும் பார்த்தார்கள். குறிப்பேடு இருப்பவர்கள் அனுப்பச் சொன்னோம். பத்தொன்பது பேர் உண்மையாகவே உட்கார்ந்து கேட்டவர்கள் என்று தெரிந்தது. மௌஷுமி படித்துக்கொண்டே வந்தவள் ஒரு மதியம் நாற்காலியைத் திருப்பி, "தீதி, இந்த ப்யூரெட் தப்பை உன் மாசிமா மட்டும் பிடிக்கல. பர்த்வான்ல ஒருத்தர் பிடிச்சிருக்காரு. ரெண்டு பேரையுமே ஆப்சென்ட் போட்டிருக்கோம்!" என்றாள். அன்று அவள் விளையாட்டாகப் பேசவில்லை.

சான்றிதழோடு முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிழை ஆசிரியையுடையது அல்ல, எங்களுடையது, என் பெயரில் பதிவாக வேண்டியது என்று. முதல்வர் தொலைபேசியில் மரியாதையாகப் பேசினார். பாடவேளை அட்டவணை ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது, புதிதாக வந்தவரோடு பிள்ளைகள் பழகிவிட்டார்கள், தேர்வு ஆண்டில் நடுவில் மாற்ற முடியாது, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருப்பேன். பிழையை நாம் எப்போது திருத்துகிறோம் என்பதற்குப் பள்ளிக்கூடம் காத்திருக்காது. அதன் ஆண்டு தன்பாட்டில் ஓடிவிடும்.

வசந்தா டீச்சருக்கு நான்கு முறை அழைத்தேன். நான்காவது முறை எடுத்தார்.

"டீச்சர், நான்தான்."

"சான்றிதழ் வந்தது. கடிதத்தின் நகலும் வந்தது. நன்றி" என்றார், வங்காள மொழியில். நான் தமிழில் இன்னும் இரண்டு வாக்கியம் பேசினேன். இரண்டுக்கும் அந்த மொழியிலேயே, நீங்கள் என்று மரியாதையாகப் பதில் சொன்னார். பிறகு வகுப்பு மணி அடிக்கிறது என்று வைத்துவிட்டார்.

இப்போது துர்கா பூஜை விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்திருக்கிறது. நிலைமை இது.

வருகைக் கட்டம் நீக்கப்பட்டுவிட்டது. உங்களுக்கு வரும் மென்பொருளில் அது இருக்காது. அதற்குப் பதிலாக, பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் குறிப்பிலிருந்து ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். யாராவது ஒருவர் அதைப் படிக்க வேண்டும். நூற்றெண்பது பக்கங்களைப் படிக்கப் பத்து நாள் ஆகிறது. சிலர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதி அனுப்புகிறார்கள். அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. நீங்கள் கண்டுபிடித்தால் மௌஷுமிக்கு எழுதுங்கள்.

இந்த மாதக் கடைசியோடு நான் வேலையை விடுகிறேன். யாரும் போகச் சொல்லவில்லை; பிறர் வந்தார்களா என்று பதியும் இடத்தில் இனி இருக்க எனக்கு மனமில்லை. அடுத்து எங்கே என்று முடிவாகவில்லை. உதவி எண்ணை இனி மௌஷுமி மட்டும் பார்ப்பாள்.

வசந்தா டீச்சரிடம் இப்போது ஐம்பது மணி நேரமும் இருக்கிறது. அவர் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறார். மேல்வகுப்பு வேதியியலை அவருக்குத் திருப்பித் தருவதா என்று பள்ளி ஏப்ரலில் முடிவு செய்யும்.